இரண்டு பேருக்கு ஐந்து கிலோ பருப்பு

காலை 9.40க்கு மயிலாப்பூரில் ஆட்டோ பிடித்தேன். போகவேண்டிய இடம் ஈக்காட்டுத்தாங்கலில் உள்ள மொத்த விலைக் கிடங்கு. உறுப்பினர் அட்டை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். ஆண்டுச் சந்தா ஆயிரம் ரூபாய். என் அட்டைக்கு அன்றுதான் கடைசி நாள். வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். இரண்டு பேருக்கு இது தேவையா என்று அங்கே போய் முடிவு செய்துகொள்ளலாம் என்று கிளம்பினேன்.

ஆட்டோ பிடித்தது எங்கள் தெருவில் அல்ல, பின் தெருவில். எங்கள் வீட்டுக்கு நாலு கடை தள்ளி அண்ணாச்சியின் மளிகைக் கடை. என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினெட்டு நாளும், நான் கேட்காமலேயே பாலும் ரொட்டியும் வாசலில் வைத்துவிட்டுப் போனவர் அவர். அவரை விட்டுவிட்டு வேறு இடத்தில் பருப்பு வாங்குகிறேன் என்று தெரிந்தால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? அதனால் அட்டையை முதல் நாலு மாதம் சும்மா வைத்திருந்துவிட்டு, எட்டு மாதமாக இந்தப் பின் தெரு யாத்திரை. சந்தேகம் வராமலிருக்க வாரம் ஒருமுறை அவர் கடையில் நூறு கிராம் கடுகும் ஒரு தீப்பெட்டியும் வாங்கிவிடுவேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

மந்தைவெளி, கோட்டூர்புரம் பாலம், கிண்டி என்று ஒன்பது கிலோமீட்டர். ஓட்டுநர் இருநூற்றைம்பது கேட்டார்.

"அங்க போயி இன்னாம்மா வாங்கப் போற?"

"பருப்பு, எண்ணெய், சோப்பு. கிலோவுக்குப் பதினாலு ரூபாய் குறைச்சல்."

"அந்தக் காச எனக்குக் குடுக்கத்தான் போய்க்கினு கீறியா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

10.20க்கு உள்ளே நுழைந்தேன். எங்கள் சமையலறையில் பாதி இருக்கும் தள்ளுவண்டி. ஐந்து கிலோ துவரம்பருப்பு, ஐந்து லிட்டர் எண்ணெய், பன்னிரண்டு சோப்பு. சோப்பு கெட்டுப்போகாது, அது லாபம்தான். பருப்பு அப்படியில்லை. போன முறை வாங்கியதில் மூன்றாம் மாதம் வண்டு வந்து, மொட்டை மாடியில் காயப்போட்டுப் புடைத்தும் பாதியைக் கொட்டினேன். எண்ணெய் கதை இன்னும் மோசம். டின் நிறைய இருந்தால் கை தாராளமாகிவிடுகிறது. குறைக்கச் சொன்ன டாக்டருக்கு, வாரம் இரண்டு நாள் வடை சுட்டது தெரியாது.

10.50 இருக்கும். பருப்பு அடுக்கின் மறுமுனையில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். ஒரு பிடி பருப்பை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சட்டென்று சோப்புத்தூள் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டேன். தள்ளுவண்டியை ஒளிக்க முடியவில்லை.

"ஏன்க்கா ஒளியுதீங்க?"

"சும்மா பார்க்கலாம்னு வந்தேன் அண்ணாச்சி."

வண்டியில் கிடந்த பருப்பைப் பார்த்துச் சிரித்தார். "எட்டு மாசமா வாரம் நூறு கடுகு வாங்குதீங்க. வெறுங்கடுகத் தாளிச்சா சாப்பிடுவீங்க? பருப்பு வேற எங்கயோ வாங்குதீங்கன்னு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கலே?"

"கேட்டா சங்கடப்படுவீங்கன்னுதான். நம்ம பருப்புலதான் ஏதோ குறைன்னு நெனச்சேன். ரெண்டு தடவ மண்டிய மாத்திப் பாத்துட்டேன். நீங்க திரும்பி வரல. அதான் இங்க உள்ள பருப்பு எப்படின்னு பாக்க வந்தேன்."

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. கண்ணும் கலங்கிவிட்டது. "உங்க பருப்புல ஒரு குறையும் இல்லே அண்ணாச்சி. எனக்குத்தான் பதினாலு ரூபாய் சபலம்" என்றேன்.

அவர் என் வண்டியிலிருந்த பருப்பை எடுத்துத் தன் வண்டியில் போட்டுக்கொண்டார். "ரெண்டு பேருக்கு அஞ்சு கிலோ எதுக்கு? இத நான் வித்துக்கிடுதேன். நீங்க வாரம் அரைக் கிலோ வாங்கிக்கிடுங்க." எண்ணெய் டின்னை நானே திரும்ப அடுக்கில் வைத்தேன்.

வாசலில், "கார்டு ரென்யூ பண்ணணுமா மேடம்?" என்று கேட்ட பெண்ணிடம் வேண்டாம் என்றேன். நாலு வீடு சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்கிறவர்கள் தாராளமாகப் புதுப்பிக்கலாம். எங்கள் தெருவில் பிரித்துக் கொடுக்கும் வேலையை அண்ணாச்சி ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறார்.

அவருடைய குட்டி யானை சரக்கு வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பினேன். 12.15க்கு வண்டி எங்கள் தெருவிலேயே, அவர் கடை வாசலிலேயே நின்றது. சோப்பையும் அரைக் கிலோ பருப்பையும் எடுத்துக்கொண்டு நடந்தேன். மாடியிலிருந்து பார்த்த கணவர், "என்ன, இன்னைக்கு முன் தெருவா?" என்றார்.

பருப்பைக் கொட்டிவைக்க டப்பா தேடினேன். ஒன்றுகூடக் காலியில்லை. எல்லாவற்றிலும் கடுகு. நிறுத்துப் பார்த்தேன், இரண்டரைக் கிலோ இருந்தது.