கௌசி வைத்த முறை

கௌசி என் நாத்தனார். நாத்தனாரைப் பற்றி அண்ணிமார் நல்லதைச் சொன்னால் ஊர் நம்பாது. அதனால் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, தராசுத் தட்டு பேசும். அரைக் கிலோ பருப்பைக்கூட யாருக்கும் சிரித்துக்கொண்டு நிறுத்துக் கொடுத்ததில்லை. ஹட்டன் பஜாரில் என் மாமனார் பொன்னையாவின் பலசரக்குக் கடைக் கல்லாவில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு உட்கார்ந்தவள், முப்பத்திரண்டு வயதில் கல்யாணமாகிப் போகும்வரை எழுந்திருக்கவில்லை. அவளுடைய ஒரே அண்ணன் ஜெயகாந்தன், அதாவது என் புருஷன், கட்டாரில் வேலை செய்கிறார். ஆகவே கடைக்கு ஆண்பிள்ளையும் அவள்தான், பெண்பிள்ளையும் அவள்தான்.

நான் றொசல்லத் தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில் பிறந்தவள். கடைவீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் மாமனார் ஆறு மாதம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. "இவ இனிமே நம்ம அண்ணிப்பா, பேரச் சொல்லியாச்சும் கூப்பிடுங்க" என்று சண்டை பிடித்தது கௌசி. முறை என்பது அவளுக்கு அவ்வளவு பெரிய விஷயம். அந்த முறையே அவள் கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கொரோனாவுக்கு இரண்டு வருசம் முந்தி எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு ஓர் ஆசை வந்தது. கொழும்புக் கழகங்களைப் போல வெளிநாட்டு ஆட்டக்காரன் ஒருவனை எடுத்து ஆடவைக்க வேண்டுமாம். தலைவருக்குச் சொந்தமாக மூன்று லொறி இருந்தது, அந்தத் தைரியத்தில் கானா நாட்டிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். குடியிருக்க எங்கள் கடைக்கு மேலே இருந்த அறையை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். அவன் பெயர் குவாபெனா. பஜார்க்காரர்கள் ஒரு வாரம் அந்தப் பெயரோடு மல்லுக்கட்டிவிட்டு, குபேரன் என்று மாற்றிக்கொண்டார்கள். ஆறடிக்கு மேல் உயரம். மாடிப்படி ஏறும்போது நாள் தவறாமல் உத்தரத்தில் தலையை இடித்துக்கொள்வான்.

முதல் ஆட்டத்திலேயே மானம் போயிற்று. பயிற்சியாளர் கரும்பலகையில் எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதிப் போட்டிருந்தார். ஆனால் ஓடும்போது நம் பொடியன்களுக்கு இங்கிலீஷ் வருமா? "பின்னால ஆளு, பின்னால ஆளு!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். குபேரன் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு, என்ன சொல்கிறீர்கள் என்று திரும்பிக் கேட்டான். பின்னால் வந்த ஆள் பந்தைத் தட்டிப்போய் கோலும் போட்டுவிட்டான். அன்று சாயங்காலம் அவன் சவர்க்காரம் வாங்கக் கடைக்கு வந்து, கௌசியிடம் இங்கிலீஷில் கேட்டான், எனக்கு உங்கள் மொழியைச் சொல்லித் தருவீர்களா என்று. இதற்கு முன்பு ஓமானில் ஆடியிருக்கிறானாம். மொழி தெரியாத ஊரில் பந்துதான் தன்னைப் பார்க்கும், ஆட்கள் பார்க்கமாட்டார்கள் என்றான்.

கௌசி தலையாட்டினாள். அடுத்து அவன் கேட்டான், உங்களை நான் எப்படிக் கூப்பிடுவது?

அப்போது கடையில் பக்கத்து மரக்கறிக் கடை நாகலெட்சுமி நின்றாள். அவள் காதில் விழுந்தது ஆறு மணிக்குள் நோர்வூட் வரைக்கும் போய்விடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இருபத்தாறு வயதுப் பெண், கல்யாணமாகாதவள், வெளிநாட்டுக்காரனோடு கல்லாவில் பேச்சு. கௌசி ஒரு நொடிதான் யோசித்தாள்.

"தங்கச்சின்னு கூப்பிடுங்க" என்றாள், நாகலெட்சுமிக்கும் கேட்கும்படி.

சொன்னது கெட்டித்தனம்தான். நாகலெட்சுமி வாயை மூடிக்கொண்டாள். மாமனாருக்கு மகிழ்ச்சி, "அப்ப நான் ஒனக்கு அப்பா" என்றார். நான் அண்ணியானேன். அவ்வளவு பெரிய ஆள் படியில் குனிந்து "அண்ணி, தண்ணி இருக்கா?" என்று கேட்ட முதல் நாள் எனக்குச் சிரிப்பும் வந்தது, ஏனோ கண்ணும் கலங்கியது.

பாடம் மத்தியானத்தில் நடக்கும், ஆள் குறைந்த நேரத்தில். பருப்பு, கடலை, கொத்தமல்லி என்று சாக்கு சாக்காகக் காட்டிச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு பசி, மழை, முழங்கால் வலி. பிறகு வசவுகள், அவை மைதானத்துக்குத் தேவை என்று அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். சாப்பாடு எங்கள் வீட்டில். தீபாவளிக்கு மாமனார் அவனுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார், கடையிலேயே நீளமானது, அதுவும் கெண்டைக்கால்வரைதான் வந்தது. தேர் இழுக்கும்போது வடத்தின் முன்பக்கம் அவனை நிறுத்தி, "எம் மகன்" என்று எல்லாரிடமும் சொன்னார்.

அந்த வருசம் கௌசி சிரித்துக்கொண்டு பருப்பு நிறுக்கத் தொடங்கினாள். வாடிக்கையாளர்கள் பயந்துபோனார்கள். கல்லாவை விட்டு நகராதவள், ஒரு சனிக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு, "வாங்க அண்ணி, மெச் பார்க்கப் போவோம்" என்றாள். மழையில் நின்றோம். "பின்னால ஆளு!" என்று ஒரு பொடியன் கத்தினான். குபேரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு விலகினான். கௌசி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

"புரிஞ்சிருச்சு அண்ணி, அவருக்குப் புரிஞ்சிருச்சு" என்றாள்.

எனக்கும் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் நேரடியாகவே கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"ஆமா அண்ணி. மேல நடக்கிற சத்தம் கேக்காட்டி எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது. என்னா பண்றது? எந் தலையில நானே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டேன்."

சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான். வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லியிருந்தால் ஒரு வழி இருந்திருக்கும். கடைவீட்டில் ஆபிரிக்காக்காரனுக்குப் பெண் கொடுக்கச் சண்டை நடந்திருக்கும், பெரிய சண்டை. லயத்துப் பெண்ணை எடுத்ததற்கே ஆறு மாதம் மூஞ்சியைத் தூக்கிய மனுசர் ஆயிற்றே. ஆனால் சண்டையில் ஜெயிக்கலாம், நான் ஜெயித்திருக்கிறேன். முறையோடு சண்டை போட முடியாது. தங்கச்சி என்று ஊரறியக் கூப்பிட்டவனைக் கட்டிக்கொள்வதை எங்கள் ஆட்கள் பேசவும் மாட்டார்கள், நினைக்கவும் மாட்டார்கள். நினைத்தவளைத்தான் காறித் துப்புவார்கள்.

இருந்தும் ஒரு நாள் அவள் துணிந்தாள். நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது.

"இனிமே என்னைத் தங்கச்சின்னு கூப்பிட வேணாம். கௌசின்னு பேரச் சொல்லுங்க."

மாடிப்படியில் அவன் கால் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு நாள் சாப்பிட வரவில்லை. கௌசியும் சாப்பிடவில்லை. மாமனார், "ஏம்மா நிஷாந்தி, பிள்ளைங்களுக்குள்ள ஏதும் சண்டையா?" என்று என்னைக் கேட்டார்.

மூன்றாம் நாள் காலையில் குபேரன் வந்தான். மாடிப்படி வழியாக இறங்கி வரவில்லை, பஜார் வழியாக, எல்லார் கண்ணுக்கும் முன்னால் வந்தான். வேட்டி கட்டியிருந்தான். கையில் தாம்பாளம், அதில் ஒரு பச்சைச் சேலை, வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு, குங்குமம். அண்ணன் தங்கச்சிக்குக் கொண்டுவரும் சீர், ஒரு குறையும் இல்லை. பின்னால் கழகத்துப் பொடியன்கள் விசில் அடித்துக்கொண்டு வந்தார்கள்.

"தங்கச்சி கோவிச்சுக்கிட்டான்னு அண்ணங்காரன் சேலையோட வாறான், பாருங்கடி!" என்று நாகலெட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாமனார் எழுந்து நின்றுவிட்டார். கௌசி கல்லாவிலிருந்து இறங்கிவந்து இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. மரமண்டை! இத்தனை சொல் படித்தவனுக்கு இந்த ஒன்று புரியவில்லையே என்று அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன்.

அந்தப் பருவம் முடிந்ததும் மாலைதீவுக் கழகம் ஒன்று அவனை எடுத்துக்கொண்டது. போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் போனுக்கு வீடியோவில் வருவான். "அப்பா, மழையா? அண்ணி, இன்னைக்கி என்னா கறி?" என்று தமிழிலேயே பேசுவான். கௌசி கடைசியில்தான் வருவாள். அந்த ஊர் மொழி திவேஹி படிக்கிறேன் என்று அவன் சொன்ன அன்று அவள் முகம் மாறிவிட்டது.

"யாரு சொல்லிக் குடுக்குறாங்க?" என்று கேட்டாள்.

"யாருமில்ல. போன்ல பார்த்து நானே படிக்கிறேன்."

அன்று கடைக்கு வந்த கிழவி ஒருத்திக்குக் கேட்காமலே ஒரு பிடி கடலை கூடப் போட்டுக் கொடுத்தாள். இப்படித்தான் வருசங்கள் போயின. கொரோனாவில் கடை பூட்டிக் கிடந்தபோதும், பிறகு எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் ஊரே வரிசையில் நின்றபோதும், வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் ஏதோ குறை சொல்லித் திருப்பி அனுப்பினாள். மேல் அறைக்கு வேறு யாரையும் குடிவைக்க விடவில்லை. கரப்பான் வருகிறது என்று தினமும் அவளே ஏறிக் கூட்டுவாள். கரப்பானைக் கூட்ட அவ்வளவு நேரம் ஆகுமா? நான் கேட்கவில்லை.

பிறகு பூண்டுலோயாவிலிருந்து தரணிதரன் வந்தார். இரும்புக் கடைக்காரர், நிதானமான மனுசர். பெண்ணைப் பார்க்க வந்த இடத்தில் பாவம் நேர்மையாக, "எனக்குக் கொஞ்சம் குறட்டை வரும்" என்றார். கௌசி சிரித்துவிட்டாள். சரி என்றும் சொல்லிவிட்டாள்.

"நெசமாத்தான் சொல்றியா?" என்று கேட்டேன்.

"காத்திருக்கிறதுன்னா காத்திருன்னு ஒரு ஆளு சொல்லணும்ல அண்ணி? எனக்கு யாரு சொன்னா?"

கல்யாணத்துக்கு என் புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை. அக்கினிக்கு முன்னால் பெண்ணின் கையில் பொரி அள்ளிப் போட அண்ணன் வேண்டும். மாமனார் யாரையும் கேட்கவில்லை, நேரே மாலைதீவுக்குப் பேசினார். "நீ வாடா மகனே. அவளுக்கு வேற யாரு இருக்கா?" அவன் வந்துவிட்டான். முன்நெற்றியில் முடி கொஞ்சம் ஏறியிருந்தது. படியில் அதே இடத்தில் தலையை இடித்துக்கொண்டான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் நான் கௌசிக்கு வளையல் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை.

"இந்தக் கொடுமை ஒனக்கு வேணாம்டி. எந் தம்பி லோஜன் பொரி போடட்டும். மாமாகிட்ட நான் பேசுறேன். அந்த மரமண்டைக்கு எதுவும் புரியாது."

கௌசி கையை இழுத்துக்கொண்டாள்.

"அவருக்கு எல்லாம் புரிஞ்சிச்சு அண்ணி" என்றாள். "அன்னைக்கி சேலையத் தந்தப்ப நீங்க எல்லாரும் தாம்பாளத்தத்தான் பார்த்தீங்க. அவரு எங்கிட்ட, 'கௌசி, அப்பா எனக்குச் சோறு போட்டாரு'ன்னு சொன்னாரு. எனக்கு மட்டும் கேக்குற மாதிரி. பேரச் சொன்னது அந்த ஒரு தடவதான்."

மகன் என்று சொல்லிச் சோறு போட்ட மனுசரின் முகத்துக்காக, ஊர் முன்னால் அண்ணனாக வந்து நின்றிருக்கிறான். அவளும் அது தெரிந்துதான் தாம்பாளத்தை வாங்கியிருக்கிறாள். நடுவில் நான் ஒருத்தி பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை, வளையல் உடைந்துவிடும் என்று என்னைத்தான் அதட்டினாள்.

மறுநாள் கோயில் மண்டபத்தில் ஐயர், "பொண்ணுக்கு அண்ணன் வாங்க" என்றார். குபேரன் வந்து நின்றான். மாப்பிள்ளை கௌசியின் கைக்குக் கீழே தன் கையை வைத்துக்கொண்டார். குபேரன் பொரியை அள்ளி அவள் கையில் போட்டான். அவள் அதை அக்கினியில் விட்டாள். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை போட்டு முடிந்த பிறகும் அவன் கை அவள் கைக்கு மேலேயே நின்றது. பொரி ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது. ஐயர் நிமிர்ந்து பார்த்தார். மாமனார், பாசத்தைப் பாருங்கள் என்பதுபோலச் சபையைப் பார்த்தார்.

கௌசி தலையை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"போதும்ணே" என்றாள்.

அவன் கையை எடுத்துக்கொண்டான். அத்தனை வருசத்தில் அவள் அவனை அண்ணன் என்று கூப்பிட்டு அன்றைக்குத்தான் நான் கேட்டேன்.