பிரசாதம் சாப்பாடு இல்லை

அப்பாவைக் குடலிறக்க ஆப்ரேஷனுக்குச் சம்மதிக்க வைத்ததற்கே எனக்கு ஒரு பட்டம் கொடுத்திருக்க வேண்டும். கிள்ளானில் எங்கள் அரசாங்க ஆஸ்பத்திரி ஓட்டுக்கூரை வார்டுகளாக இருந்த காலத்தில், தோட்டத்து லோரியில் ஏறி அங்கே போன அவருடைய சித்தப்பா திரும்பி வரவில்லை. பிறகு மாடிக் கட்டடம் வந்தது, ஸ்கேன் வந்தது, ஸ்பெஷலிஸ்டுகள் வந்தார்கள். அப்பாவின் தலைக்குள் மட்டும் அந்தப் பழைய வார்டு அப்படியே இருந்தது. அடிவயிற்று வீக்கத்தைக் கையால் உள்ளே தள்ளிக்கொண்டே பக்கத்து ஊர் மேருவில் வேலைக்குப் போய் வந்தார். குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. கெஞ்சினேன், கத்தினேன், கடைசியில் பேச்சை நிறுத்தினேன். அதற்குத்தான் மசிந்தார்.

ஆப்ரேஷன் அன்று காலை நான் குடியிருக்கும் பூச்சோங்கிலிருந்து ஜாமில் மாட்டி, அடித்துப் பிடித்து வார்டுக்குள் நுழைகிறேன். மலாய்க்கார டாக்டர் கட்டிலருகே நின்றிருந்தார்.

"அங்கிள், புவாசா?" வெறும் வயிறா என்று கேட்கிறார்.

"புவாசா, டாக்டர்." அப்பா பச்சைப்பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

அதோடு விட்டிருக்கலாம். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர்கூட இல்லை, காலையில் கோயில் பிரசாதம் மட்டும்தான் என்று தன் அரைகுறைப் பாசார் மலாயில் எடுத்துவிட்டாள். பிரசாதம் என்றால் என்ன என்று டாக்டர் கேட்க, விரல் விட்டு விளக்கவும் செய்தாள்: அரிசி, வெல்லம், நெய், முந்திரி.

டாக்டர் பேனாவை மூடிவிட்டார்.

"ஐயோ ஆன்டி, அது சாப்பாடு லா!" என்று தலையில் கை வைத்தார் நர்ஸ் உடுப்பிலிருந்த தமிழ் மிஸ்ஸி. "மயக்க மருந்து குடுக்குறப்ப வயித்துல உள்ளது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிரும்."

"சாமிக்குப் படைச்சது எப்படிம்மா சாப்பாடாகும்?" அம்மா நிஜமாகவே கேட்டாள். எங்கள் வீட்டில் விரதத்தன்றும் பிரசாதத்துக்குத் தடை கிடையாது.

ஆப்ரேஷன் தள்ளிப்போனது. அப்பா விசில் அடிக்காத குறையாகச் சட்டையை மாட்டினார். "சாமியே வேணாங்குது, நாம என்னா பண்றது?"

வீடு வரைக்கும் இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

அடுத்த தேதிக்கு அம்மா வாயே திறக்கவில்லை. அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே நாற்காலியில் என் பக்கத்தில் இருந்த அம்மா அப்படியே என் தோளில் சரிந்தாள். மிஸ்ஸி ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை ரொம்ப இறங்கியிருந்தது. சர்க்கரைக்குத் தினம் போடும் இனிப்புநீர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, அப்பாவோடு சேர்ந்து அம்மாவும் பட்டினி கிடந்திருக்கிறாள்! கீழே எமர்ஜென்சிக்குக் கொண்டுபோய் ட்ரிப் ஏற்றினார்கள். அப்பா வெளியே வரும் நேரமாகிவிட்டதால் நான் மட்டும் மேலே போனேன்.

அப்பா நல்லபடியாக வெளியே வந்தார். குழறிய நாக்கோடு முதல் கேள்வி: "உங்கம்மா எங்க?"

சொன்னேன். தள்ளுகட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார். "அறிவிருக்கா அவளுக்கு? சர்க்கர வியாதிய வச்சிக்கிட்டு! நீ இங்க என்னா பண்ற, போ அங்க!"

கீழே ஓடினேன். அம்மா கண் விழித்திருந்தாள். முகத்தில் பொட்டு ரத்தமில்லை.

"அவரு..." என்றாள். அதற்கு மேல் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

"உங்களப் போட்டுத் திட்டுறாரும்மா."

"திட்டுறாரா?" என்று இன்னொரு தரம் கேட்டுக்கொண்டு, அம்மா ஓவென்று அழ ஆரம்பித்தாள்.