லாடக்காரத் தெருவின் வாசல்கள்

செல்போனில் வந்த படத்தை இரண்டு விரலால் விரித்து, ரஹமத் பீவி முதலில் சாக்கடையைத்தான் தேடுகிறாள். மாடியைப் பார்ப்பதில்லை, பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை. நேரே அடிப்பக்கம் போய், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, குழாயடி எங்கே இருக்கிறது, வாசற்படி எவ்வளவு உயரம் என்று பார்க்கிறாள்.

"மேல இருக்கறத எல்லாம் மாத்திருவாங்கக்கா. பலகைய மாத்துவான், பெயிண்ட மாத்துவான். சாக்கடைய எவன் மாத்தினான் இந்த ஊர்ல?"

சேலத்தில் புடவைக்கு ஃபால்ஸ் தைப்பதும் ஓரம் அடிப்பதும் அவள் தொழில். திருச்செங்கோட்டை விட்டு மகன் வீட்டுக்கு வந்த நாளாக நான் அவளுக்கு எதிர்வீட்டுக்காரி. மத்தியானச் சோறு ஆனதும் அவள் கடைக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். அவள் வாயில் எப்போதும் ஓர் ஊசி இருக்கும். அதைக் கடித்துக்கொண்டே பேசுவாள், கடித்துக்கொண்டே திட்டுவாள்.

திட்டு முக்கால்வாசியும் போனுக்குத்தான். பழைய சேலத்துப் படங்களைப் போட்டு, இது எந்த இடம் என்று கேட்கிற கூட்டம் ஒன்று அதில் இருக்கிறது. யாராவது தப்பாகச் சொல்லிவிட்டால் இவளுக்கு மிஷின் ஓடாது. "தியேட்டராமா? தியேட்டர் வாசல்ல எருமையக் கட்டுவாங்களா? அது அரிசி மண்டிடா" என்று பேசி அனுப்புவாள். எவனாவது சிரிக்கிற பொம்மை போட்டால் அஸர் தொழுகைக்கு முன் கூட்டத்தை விட்டு விலகுவாள். பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகை முடிந்ததும் சேர்ந்துகொள்வாள்.

இத்தனை கோபம் எதற்கு என்று எனக்குத் தெரியும். அவள் பிறந்த லாடக்காரத் தெரு இப்போது மேம்பாலத்துக்கு அடியில் கிடக்கிறது. இடிக்க வந்தவர்கள், இது சந்தைப் புறம்போக்கு, இங்கே கடை போட்டவர்கள்தான் இருந்தார்கள், யாரும் குடியிருக்கவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். இவள் அத்தா, அப்பாவை அப்படித்தான் சொல்வாள், அந்தச் சொல்லைத் தாங்காமல் படுத்தவர்தான், எழுந்திருக்கவில்லை; இடிப்பதற்குள் போய்விட்டார். இல்லை, நாங்கள் இருந்தோம் என்று காட்ட அவளிடம் ஒரு படம்கூடக் கிடையாது. அதைத்தான் ஊரார் படத்தில் எல்லாம் தேடிக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் அது வந்தது. பாலத்துக்குப் பக்கத்தில் ஜெயபிரகாஷ் என்பவர் புதிதாகத் திறந்த பிரியாணிக் கடையின் விளம்பரம். சுவர் முழுக்க ஒரு பழைய படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார். போனில் பார்த்தவள் அப்படியே மிஷினை மூடினாள். "எந்திரிங்கக்கா" என்றாள். எனக்கு முழங்கால் வலி. ஆனாலும் இவளைத் தனியாகச் சண்டைக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. போனேன்.

கடைக்குள் நல்ல கூட்டம். சுவரில் ஒரு தெரு. தெரு நெடுக அண்டாவும் குண்டாவும் கயிற்றுக் கட்டிலும் ட்ரங்க் பெட்டியும் ஆட்டுக்கல்லும் பரப்பிக் கிடந்தன. நடுவில் பெரிய ட்ரம் ஒன்று, அதிலிருந்து ஆவி. கீழே கொட்டை எழுத்தில் இருந்ததை அவள்தான் எனக்குப் படித்துச் சொன்னாள்: பழைய பாத்திரச் சந்தை. பொய் சொல்வானேன், என் கண்ணுக்கும் சந்தை மாதிரிதான் இருந்தது.

அவள் குனிந்து சாக்கடையைப் பார்த்தாள். பிறகு நிமிரவே இல்லை. குனிந்தபடியே சொன்னாள்: "சந்தை இல்லக்கா. வெள்ளையடிக்கிற நாளு."

நோன்புக்கு முந்தின மாதம் லாடக்காரத் தெரு முழுவதற்கும் ஒரே ட்ரம்மில் சுண்ணாம்பு நீற்றுவார்களாம். அதனால் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில்தான் வெள்ளை. வீட்டிலுள்ள தட்டுமுட்டு எல்லாம் காலையிலேயே தெருவுக்கு வந்துவிடும். ஒரு வீட்டுச் சாமான் அடுத்த வீட்டோடு கலந்துவிடாமலிருக்க, அவரவர் பெட்டியின் மேல் ஒரு பிள்ளையை உட்கார வைத்துவிடுவார்கள்.

கல்லாவிலிருந்து ஜெயபிரகாஷ் வந்தார். "என்னங்க பாயம்மா, பார்சலா?"

"இத மாத்துங்க. இது தெரு. நாங்க குடியிருந்த தெரு."

"அட, அந்த ட்ரம்மப் பாருங்க பாயம்மா. அந்தக் காலத்துலயே பிரியாணி போட்டிருக்காங்க. அதப் பாத்துத்தான் இந்தப் படத்தையே வாங்கினேன்."

"அது சுண்ணாம்பு வேகுது. ஒரு வாய் அள்ளித் தின்னு பாரு, தெரியும்."

பக்கத்து மேசையில் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சிறுத்தது. "சந்தைன்னு இருந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு? வர்றவங்க நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க. இருந்துட்டுப் போகட்டும் விடுங்க."

"சந்தைன்னு சொல்லித்தான்யா இடிச்சாங்க." அவள் சுவரில் விரலை ஊன்றினாள். "கடை போட்டவன்னா எந்திரின்னா எந்திரிச்சிருவான். நாங்க அங்கதான் பொறந்தோம். எங்கத்தா மய்யித்து அந்த வாசல்ல இருந்துதான் போச்சு. அதுக்கு மேல நீயும் சந்தைன்னு எழுதி ஒட்டிவெச்சா?"

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங் தம்பி, சந்தைன்னா வாங்கறதுக்கு ஒருத்தராச்சும் வரோணுமில்லீங்? இதுல பையோட ஒரு ஆளக் காமிங்க பாக்கலாம்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டார். "வீடுங்கறீங்க. சரி. எது யாரு வீடுன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

கேலிக்குச் சொன்னதுதான். அவள் தோள்பையில் கைவிட்டுத் துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியை எடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை நகரச் சொல்லி, சுவரின் ஒரு கோடியில் தொடங்கினாள். ஒவ்வொரு வாசலுக்கும் மேலே எழுதுவாள், எழுதும்போதே சத்தமாகச் சொல்லுவாள். "லாடம் கட்டற காதர் மைதீன் வீடு. பீடிக்கார ஜுலேகா வீடு. இது அம்மாசி வீடு, எங்க தெருவுல அவங்க ஒரு வீடுதான் இந்து, அவங்களும் எங்க ட்ரம்லதான் சுண்ணாம்பு எடுப்பாங்க."

ஜெயபிரகாஷ் உள்ளே போய் ஈரத்துணியோடு வந்தார், அழிப்பதற்கு. அதற்குள் அவள் இன்னொரு கோடிக்கு வந்திருந்தாள். அங்கே ஒரு வாசல். வாசலில் ட்ரங்க் பெட்டி. அதன்மேல் காலைத் தொங்கவிட்டு ஒரு சின்னப் பெண், யாரும் தன் சாமானைத் தொட்டுவிடக் கூடாது என்று முறைத்தபடி. அந்த மூஞ்சியை எனக்குத் தெரியும். தினமும் மத்தியானம் பார்க்கிறேன். யாரோ தெறிக்கவிட்ட குழம்பு அந்த வாசற்படியில் காய்ந்து ஒட்டியிருந்தது.

ரஹமத் பீவி அவர் கையிலிருந்த ஈரத்துணியைப் பிடுங்கினாள். குழம்புக் கறையைப் படியிலிருந்து துடைத்தாள், மூலையில் இருந்ததை நகத்தால் சுரண்டித் துடைத்தாள். துணியை நாலாக மடித்து அவர் கையிலேயே திரும்ப வைத்தாள். பிறகு அந்த வாசலுக்கு மேலே சாக்குக்கட்டியை அழுத்தி, அத்தாவின் பெயரில் முதல் எழுத்தைப் போட்டாள்.