தாழம்பூ வைத்துக்கொண்டு மான் பார்க்கப் போனேன்

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் தாழம்பூ கூடாது, அந்த வாசனைக்குப் பாம்பு வரும் என்பார் என் மாமியார். எதைச் சொன்னாலும் நேரெதிராகச் செய்கிற வயது எனக்கு. செங்கல்பட்டிலிருந்து காட்டு மிருகம் பார்க்கப் புறப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, பின்னல் நிறையத் தாழம்பூ தைத்துக்கொண்டுதான் ஜீப்பில் ஏறினேன்.

ஜீப் என் கணவருடைய சிநேகிதரின் ஜீப். ஐம்பதுகளில் மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரமெல்லாம் புதர்க்காடு. அங்கே வெளிமான் கூட்டம் கூட்டமாக மேயும் என்று ஆசை காட்டியிருந்தார். பகலெல்லாம் சுற்றியும் கண்ணில் பட்டது ஒரே ஒரு கீரி. அதை எங்கள் கொல்லையிலேயே தினம் பார்க்கிறேன்.

பொழுது சாயும்போது மான்கள் வந்தேவிட்டன. ஒரு பனைமரத்தடியில் ஜீப்பை நிறுத்தி, பின்னால் பாயில் தூங்கிய எங்கள் எட்டு மாதப் பெண்ணை அப்படியே விட்டுவிட்டு, பத்தடி தள்ளி நின்று பார்த்தோம். கழுத்தில் குத்துகிறதென்று தாழம்பூவை முன்பே அவிழ்த்துக் குழந்தையின் தலைமாட்டில் போட்டிருந்தேன். முறுக்குக் கொம்பு மான் ஒன்று துள்ளிய துள்ளலில் வாய் பிளந்து நின்றேன்.

ஜீப்புக்குள் 'புஸ்' என்று ஒரு சீறல்.

"கிட்ட போவாதீங்க அண்ணி! பூ வாசனைக்கு நல்லபாம்பு வந்துகீது" என்று சிநேகிதர் குறுக்கே கையை நீட்டினார்.

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு, "புத்துக்குப் பால் ஊத்துறேன், என் கொயந்தய வுட்டுடு" என்று கும்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேலா, என் மேலா என்று இன்றைக்கும் தெரியாது. ஓடிப்போய்க் கையை உள்ளே விட்டுப் பிள்ளையை வாரி எடுத்தேன்.

பலகாரக் கூடைக்குள்ளிருந்து ஒரு தலை எழுந்தது. மை அப்பிய மாதிரி கறுத்த முகம், வாயில் எங்கள் பூவன்பழம். மரநாய்! பனையிலிருந்து பழத்துக்காக இறங்கியிருக்கிறது. இன்னொரு தரம் சீறிவிட்டுப் பழத்தோடு மரமேறிப் போய்விட்டது. பெண் கொட்டாவி விட்டாள். நான் மணலிலேயே உட்கார்ந்து அழுதேன், அப்புறம் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் என் கணவர் பால் செம்போடு கிளம்பினார்.

"வந்தது மரநாய்தானே, பாம்புக்கு எதுக்குப் பாலு?" என்று கேட்டேன்.

"பாம்பு வராம இருந்துச்சே, அதுக்குத்தான்."

உள்ளே போய், காப்பிக்கு வைத்திருந்த பாலையும் எடுத்துவந்து அந்தச் செம்பிலேயே ஊற்றினேன்.