குதிருக்குள் போன மாப்பிள்ளை

கோவிந்தாபுரத்துப் பூவாத்தாளைப் போலப் புருஷனுக்கு அழுதவள் கிடையாது என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அந்தப் பேச்சு எடுத்தாலே அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அடக்கமாவது, மண்ணாவது! அத்தனையும் வெட்கம். கடலைக்காட்டில் களை வெட்டும்போது ஒருநாள் அவளே என்னிடம் சொன்னாள்.

எழுபத்து நாலாம் வருஷம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் ஒரு தமிழ் நாடகம் வரும். மருதப்பன் என்ற வீட்டோடு மாப்பிள்ளை வாராவாரம் ஏதாவது திருட்டுத்தனம் செய்து மாமியாரிடம் மாட்டிக்கொள்வான். கதை என்று ஒன்றும் இருக்காது. அதே மாமியார், அதே விளக்குமாறு. பூவாத்தாளுக்கும் அவள் புருஷன் சின்னையனுக்கும் அது இல்லாமல் ஞாயிறு விடியாது.

ஆனால் தோட்டம் துரவு உள்ள குடும்பம் இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கலாமா? சின்னையனின் அக்கா, பூவாத்தாள் நங்கை என்று கூப்பிடும் ஜானகியம்மாள், அடுத்த வீட்டில் இருந்தாள். இளம் வயதிலேயே தாலியறுத்துப் பிறந்த ஊருக்கு வந்தவள். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பொம்பளை சிரித்தால் போச்சு, புகையிலை விரித்தால் போச்சு என்பாள். அவளுக்குப் பயந்து இரண்டு பேரும் ரேடியோவை மாட்டுக்கொட்டகைக்குத் தூக்கிப்போய், வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஜானகியம்மாளின் விறகு அறை. அங்கே மத்தியானத்தில் ஆள் இருக்காது என்ற தைரியம்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் மருதப்பன் மாமியாருக்குப் பயந்து நெல் கொட்டி வைக்கும் குதிருக்குள் ஒளிந்தான். அவன் உள்ளே இருப்பது தெரியாமல் அவள் குதிரின் வாயை மூடி, மேலே பாரமும் வைத்துவிட்டாள். அத்தோடு அன்றைய நாடகம் முடிந்தது. சின்னையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் அதே பேச்சு, சோற்றில் கை வைக்கும்போதும் அதே பேச்சு: அவன் எப்படி வெளியே வருவான்? புதன்கிழமை வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், கொல்லங்கோட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

பூவாத்தாளுக்குக் கண்ணீர் வரவில்லை. வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள்; இவள் மரம் மாதிரி நின்றாள். நெஞ்சழுத்தக்காரி என்று பெண்கள் காதைக் கடிக்க ஆரம்பித்தார்கள். ஜானகியம்மாளே வந்து, “அழுதுரு பூவாத்தா. ஊரு ஒரு மாதிரி பேசுது” என்றாள். அழுகை என்ன, சொன்னால் வருகிற வண்டியா?

ஞாயிறு வந்தது. தீட்டு கழியாததால் பங்காளி வீடு எதிலும் ரேடியோ பாடவில்லை. எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதாகச் சொல்லி, ரேடியோவை முந்தானையில் மறைத்துக்கொண்டு பூவாத்தாள் கொட்டகைக்குள் போனாள். “அவியளுக்காகக் கேக்கறேன்னு மனசுக்குச் சொல்லிக்கிட்டேன். பொய்யி. எனக்கே கேக்கோணும்னு இருந்துச்சு” என்று என்னிடம் சொன்னபோதும் அவள் தலை நிமிரவில்லை.

குதிருக்குள்ளிருந்து மருதப்பன் முனகினான். செத்துப்போன மாமனார்தான் ஆவியாக வந்து பேசுகிறார் என்று மாமியார் சூடம் கொளுத்தினாள். அவனும் குரலை மாற்றிக்கொண்டு பணியாரம் கேட்டான். பூவாத்தாளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் பொள்ளாச்சிப் பஸ்ஸில் வந்த உறவுக்காரப் பெண்கள் தெருமுனையிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். ரேடியோவை அணைத்து வைக்கோலுக்குள் திணித்துவிட்டு ஓடினாள். ஓடினாளே தவிர, சிரிப்பு நிற்கவில்லை.

அவர்களை அழைத்துக்கொண்டு முன்னால் வந்த ஜானகியம்மாள் அவளைக் கட்டிப்பிடித்தாள். மற்றவர்கள் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள். உதட்டைக் கடிக்கக் கடிக்கப் பூவாத்தாளின் உடம்பு குலுங்கியது. மகராசி இப்பத்தான் அழுகிறாள் என்று சுற்றி நின்றவர்கள் இன்னும் ஓங்கி அழுதார்கள். ஜானகியம்மாளின் கன்னம் மட்டும் இவள் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. இவள் கன்னத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஜானகியம்மாள் முகத்தை விலக்கி ஒருதரம் இவளைப் பார்த்தாள். இவள் முகத்தைத் தன் தோளில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வரைக்கும் பெண்கள் அவளைப் புகழ்ந்தார்கள். இப்படி ஒருத்தி அழ அவன் கொடுத்து வைத்திருக்கணும் என்றார்கள். பூவாத்தாளுக்குச் செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. புருஷன் செத்து நாலு நாள் ஆகவில்லை, சிரித்தாளாம். கருமாதியன்று ஜானகியம்மாள் இதைப் பந்தலில் போட்டு உடைத்தால், அதற்குப் பிறகு எந்த வாசலில் போய் நிற்பது?

பொழுது சாய்ந்து எல்லாரும் பஸ் ஏறிப் போனதும் ஜானகியம்மாள் வந்து கதவைச் சாத்தினாள். பூவாத்தாள் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

“வெக்கமா இருக்குதுங்க நங்கை. என்னெ நாலு சாத்து சாத்திருங்க.”

“அது கெடக்குது. குதுருக்குள்ள போனவன் வெளிய வந்தானா இல்லியா? அதெச் சொல்லு மொதல்ல.”

பூவாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷமும் விறகு அறையில் ஆள் இருந்திருக்கிறது.

அவள் சொன்னாள். சூடம், ஆவி, பணியாரம் வரைக்கும் சொன்னாள். ஜானகியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்புறம் அவன் எப்படித்தான் வெளியே வந்தான் என்று கேட்டாள். அதற்குள் நீங்கள் எல்லாம் வந்துவிட்டீர்களே, பாதியில் அணைத்துவிட்டேன் என்றாள் பூவாத்தாள்.

ஜானகியம்மாள் சிரிப்பை நிறுத்தினாள். “அப்பொ என்ர தம்பிக்குத் தெரியாமயே போச்சு” என்றாள்.

அப்போதுதான் பூவாத்தாளுக்கு அழுகை வந்தது. அதைப் பார்க்க ஊரில் ஒருவரும் அங்கே இல்லை.