அம்மன் கேட்ட இரண்டாவது ரெக்கார்டு

விண்வெளியில் மிதப்பதுபோல வாசிக்கிற அந்த வெள்ளைக்கார பாண்டு இன்னும் ஆல்பம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. முப்பதுக்கு மேல் வந்தாயிற்று. முதல் ஆல்பத்திலிருந்து வரிசை தப்பாமல், ஒன்றைக்கூடத் தாண்டாமல் கேட்டவன், காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை நான் ஒருவன்தான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, ஒற்றை ஆளாக நான்கு கண்டெய்னர் லாரி வாங்கியவன் சொல்கிறேன். எதையும் முதலிலிருந்து வரிசையாகப் பிடித்தால்தான் வசப்படும். பேரன் போனில் நடுவிலிருந்து ஒரு பாட்டைப் போட்டால் பிடுங்கி வைத்துவிடுவேன்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது பத்து வயதில்.

என் தாய்மாமா திருவொற்றியூரில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் பழக்கமான கப்பல்காரன் ஒருவன் அந்த பாண்டின் முதல் மூன்று ரெக்கார்டுகளை அவருக்குக் கொடுத்து, உறைகளின்மேல் வரிசை நம்பரும் எழுதியிருந்தான். கூடவே, தன் கப்பலில் சமையல் வேலை காலி, வந்துவிடு என்றும் ஆசை காட்டியிருந்தான். மாமா கிளம்புவதென்று முடிவு கட்டிவிட்டார். அத்தை வேண்டாமென்று வாயைத் திறந்தால் போதும், "சும்மா கெட, உனக்கு இன்னா தெரியும்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அந்த ஆடியில் முகத்துவாரக்குப்பத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். எங்கள் மைக் செட்தான். பகல் சாப்பாடு முடிந்து மாமா படகு நிழலில் கண்ணயர்ந்தார். நான் அம்மன் பாட்டை எடுத்துவிட்டு ஒன்றாம் நம்பரை வைத்தேன்.

முதலில் வெறும் காற்று. புயலுக்கு முந்தி கடலுக்குள்ளிருந்து வருமே, அப்படி ஒரு காற்று குழாய் ஸ்பீக்கரில் வந்தது. பிறகு ஒரே அடி, நிற்காத அடி. அதன் மேல் எதுவோ கூவிக்கொண்டே உயர உயரப் போயிற்று. என் காலுக்குக் கீழே மணல் இல்லை. வானம் அத்தனை பெரிது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அதுவும் காதால். வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெரிய ஆட்கள்கூட வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டேன்.

"டேய், இன்னாடா இது, மிஷினு பூட்ச்சா?" என்று மாமா எழுந்து ஓடிவந்தார். ஊசியைத் தூக்கப் போன கை அந்தரத்தில் நின்றது. கூட்டத்தின் நடுவில் அத்தை முடியை அவிழ்த்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தாள். சாமி வந்து ஆடும்போது பாட்டை நிறுத்த எவனுக்குத் துணிச்சல் வரும்?

நம் பாட்டெல்லாம் நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும். இது போய்க்கொண்டே இருந்தது. அத்தையும் விடவில்லை.

"பச்சப்புள்ள ஜொரத்துல கெடந்தப்போ நீ எங்கடா சுத்திக்கினு இருந்த?"

ரவுடிகளையே அதட்டுகிற மாமா கைகட்டி நின்றார். "தப்புதான் தாயி."

"நல்லா கேட்டுக்கோ மாமு, ஆத்தா உன்னியத்தான் சொல்லுது" என்றான் ஒருவன்.

ரெக்கார்டு முடிந்து கரகரத்தது. அத்தை ஆட்டத்தை நிறுத்தி, மூச்சு வாங்க, நேராக என்னைப் பார்த்தாள். 

"இன்னும் ஆவல. அடுத்தத போடு."

இரண்டாம் நம்பரை உருவி வைத்தேன். மறுபடியும் காற்று, மறுபடியும் அந்த அடி. அத்தை மாமாவின் முன்னால் போய் நின்றாள்.

"கப்பல் ஏற மாட்டேன்னு சத்தியம் பண்ணு. இப்பவே பண்ணு."

மாமா எரிகிற கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தார். அந்த வாரமே கப்பல் அவர் இல்லாமல் போயிற்று. மூன்று ரெக்கார்டையும் இனித் தொட மாட்டேன் என்று என்னிடமே கொடுத்துவிட்டார்.

அம்மனே வரிசையாகக் கேட்ட பாண்டு என்று வண்ணாரப்பேட்டைவரை பெருமையடித்துத் திரிந்தேன். அம்மனுக்கு அந்தச் சத்தம் அவ்வளவு பிடித்துவிட்டது என்றுதான் நம்பினேன். வீட்டில் ஒரு தடவைகூட முழுதாகப் பேச விடாத புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க, அத்தைக்கு அத்தனை நீளமான பாட்டு தேவைப்பட்டது என்பது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.