ஒரு தட்டு என்றால் நிறுத்து

இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இருதயம் என்பவர் ஒருவர் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு நான் இதை எழுதவில்லை. அன்றைக்கு மலையில் அவரோடு இருந்த நாகையாவையும் ரபேலையும் தனித்தனியாகப் பிடித்துக் கேட்டிருக்கிறேன். நாகையா கிள்ளான் லோரிக்காரர். சூடம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார் என்றார். ரபேல் பிரிக்பீல்ட்ஸில் உபதேசியார். அவர் எதற்கும் சத்தியம் செய்கிற ஆள் இல்லை. ஆனாலும் மூவர் சொன்னதிலும் ஒரு சொல் மாறவில்லை.

ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பிய காலம் முடிந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். கோலாலம்பூரிலிருந்து பெந்தோங் போகிற மலைப்பாதையில், கோம்பாக்குக்கு மேலே, காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பலகைக் கம்பெனி நொடித்துப் போனது. முதலாளி ஓடிவிட்டான். மூன்று லோரிகள் காட்டிலேயே கிடந்தன. அவை கிடந்தது ஓடையோரம். அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே கல்லாற்றுத் தோட்டத்து லயத்து வீட்டுச் சனங்கள் குடித்தார்கள். எண்ணெய் மிதக்கும் தண்ணீர். துரு கலந்த தண்ணீர். வயிற்றுப்போக்கில் இரண்டு குழந்தைகள் போய்விட்டன. தோட்டத்து நிர்வாகம் ‘லோரி எங்களுடையது இல்லை’ என்று கைகழுவிவிட்டது.

ரபேல் ஞாயிறு பூசைக்குப் பிறகு எழுந்து நின்று கேட்டார். “கூலி கிடையாது. சோறு நான் போடுறேன். யாரு வரீங்க?” பத்துப் பன்னிரண்டு பேர் கை தூக்கினார்கள். இருதயமும் ஒருவர். ரயில்வே பட்டறையில் பிட்டர் வேலை. பாரம் தூக்குவதும் இழுப்பதும் அவருக்குப் பழக்கம். சேதி கேள்விப்பட்டு, கோயில் வேறானாலும் நாகையா தன் லோரியோடு வந்து சேர்ந்துகொண்டார்.

முதல் இரண்டு லோரிகளை இழுத்துப் பாதையில் சேர்த்தாகிவிட்டது. மூன்றாவதற்கு வந்தபோது மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. ஆள் குறைந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியது மூன்றே பேர்தான்.

மூன்றாவது லோரி சரிவில் நின்றது. முகம் மேலே, பின்பக்கம் ஓடையை நோக்கி. சக்கரம் பாதி மண்ணுக்குள். கதவு, பலகை, கூரை எல்லாவற்றிலும் பச்சையாகப் பாசி. இருதயம் சுற்றி வந்து பார்த்தார். இடது பக்கத்துப் பலகையில், பின்மூலையில், ஓர் இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. உள்ளங்கை அகலம். பாசி இல்லை. தூசி இல்லை. தினமும் யாரோ கை வைக்கிற இடம் போல வழவழவென்று இருந்தது.

“இங்க யாராச்சும் வர்றாங்களா, உபதேசியாரே?”

“இந்தக் காட்டுக்கா? யாரு வருவா?”

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மேலே ஒரு பெரிய மரத்தில், கையால் சுற்றிப் பாரம் இழுக்கிற வின்ச்சைக் கட்டி, கம்பி வடத்தை லோரியின் முன்னால் மாட்டினார்கள். வின்ச்சைச் சுற்றுவது இருதயம். உள்ளே உட்கார்ந்து ஸ்டீரிங் பிடிப்பது நாகையா. லோரி மேலே ஏற ஏற, பின்சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பது ரபேல். மேலே இருக்கிறவருக்குப் பின்பக்கம் தெரியாது. அதனால் லோரிக்காரர்கள் வழக்கப்படியே பேசிக்கொண்டார்கள். ரபேல் பலகையில் இரண்டு தட்டு தட்டினால், எல்லாம் சரி. ஒரு தட்டு தட்டினால், நிறுத்து.

டக் டக்.

இருதயம் சுற்றினார். லோரி முனகிக்கொண்டு அசைந்தது. ஒரு முழம். இன்னொரு முழம்.

டக்.

நிறுத்தினார். காத்திருந்தார். ரபேல் பின்னாலிருந்து தலையை நீட்டினார். “ஏன் நிறுத்திட்டீங்க?”

“நீங்கதானே தட்டினீங்க?”

“இல்லையே... நான் கட்டையை ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கேன்.”

நாகையா உள்ளேயிருந்து சொன்னார். “எனக்கும் கேட்டுச்சுண்ணே. இடது பக்கம்.”

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதற்குள் ரபேல் நின்ற இடத்தில், அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி, ஓடைக்கரை மண் சரிந்து பொலபொலவென்று தண்ணீரில் விழுந்தது. அவர் துள்ளி நகர்ந்தார். மேலே இழுத்திருந்தால், கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் தள்ள அவர் அங்கேதான் காலை ஊன்றியிருப்பார்.

மரக்கிளை தட்டியிருக்கும் என்று நாகையா முணுமுணுத்தார். பக்கத்தில் கிளை எதுவும் இல்லை.

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. மலை மழை. கூடவே மேகமும் இறங்கியது. இருதயத்துக்கு லோரியின் மூக்கும், கண்ணாடிக்குப் பின்னால் நாகையாவின் தலையும் மட்டுமே தெரிந்தன. மற்றதெல்லாம் வெள்ளை.

லோரியின் முன்சக்கரம் ஒரு பாறையில் முட்டி நின்றது. வின்ச் நகரவில்லை. வடம் விண்ணென்று இருந்தது. நாகையா கையை வெளியே நீட்டி ஆட்டினார்.

“கொஞ்சம் பின்னால விடுண்ணே! நான் ஸ்டீரிங்கை ஒடிச்சுக்கிறேன்!”

பின்னால் விட வேண்டுமென்றால், ரபேல் கட்டையை உருவி எடுத்து, விலகி நின்று, இரண்டு தட்டு தட்ட வேண்டும். பிறகு இருதயம் வின்ச்சின் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கொக்கியை எடுத்துவிடுவார். லோரி தன் பாரத்திலேயே பின்னால் இறங்கும்.

இருதயம் கொக்கியில் கை வைத்துக் காத்திருந்தார்.

மழை... மழை... மழை.

டக்... டக்.

வந்துவிட்டது. கொக்கியை இழுக்கப் போனார்.

டக்.

கை நின்றது.

பலமான தட்டு. இடது பக்கம். லோரியின் பலகையே அதிர்ந்தது.

“என்னண்ணே, விடுங்க!” நாகையா கத்தினார்.

இருதயம் இடது பக்கம் பார்த்தார். வெள்ளை மேகம். ஆள் இல்லை.

டக்.

இப்போது பலகையில் இல்லை. அவர் நின்ற மரத்தில். முதுகுக்குப் பின்னால்.

திரும்பினார். யாரும் இல்லை. மழைத் தண்ணீர் மட்டும் மரத்தில் வழிந்தது. அந்த வழியும் தண்ணீர் ஓரிடத்தில் பிரிந்து ஓடியது... அங்கே ஒரு கை ஊன்றியிருப்பது போல.

“அண்ணே! வடம் அறுந்துடும்! விடுங்க!”

வடத்தில் ஒரு கம்பி இழை அறுந்து சுருண்டது. அந்தச் சத்தத்தை அவர் காதாலேயே கேட்டார்.

விட்டே ஆக வேண்டும். சேசுவே என்று நினைத்துக்கொண்டு கொக்கியை இறுகப் பிடித்தார்.

தொண்டை சில்லிட்டது.

ஐஸைப் பிடித்த விரல்கள் போல. வெளியே இல்லை. உள்ளே.

வாய் திறந்தது. அவர் திறக்கவில்லை.

“கீழ ஆளு இருக்கு! விடாதே! கீழ ஆளு இருக்கு!”

அவர் வாயிலிருந்துதான் வந்தது.

அவர் குரல் இல்லை.

நாகையா கதவைத் தள்ளிக் குதித்துப் பின்பக்கம் ஓடினார். இருதயமும் கையில் அகப்பட்ட கல்லோடு ஓடினார். பின்சக்கரத்துக்குக் கீழே, சேற்றில் மல்லாந்து, ரபேல் கிடந்தார். வேருக்கிடையில் கால் மாட்டியிருந்தது. சரிவில் அவர் மார்புக்கு ஒரு சாண் மேலே சக்கரம் நின்றது. கட்டையை உருவும்போது வழுக்கிவிட்டிருக்கிறார். விழுந்த வேகத்தில் கட்டை பலகையில் இரண்டு தடவை மோதியிருக்கிறது. அதுதான் அந்த இரண்டு தட்டு. அதற்குப் பிறகு அவர் கத்திய கத்து எதுவும் மழையில் மேலே எட்டவில்லை.

சக்கரத்துக்குக் கல் கொடுத்து, வேரை வெட்டி, அவரை இழுத்தெடுத்தார்கள். கால் எலும்பு முறிந்திருந்தது. உயிர் இருந்தது.

“எப்படிப் பாத்தீங்க இருதயம்?” வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ரபேல் கேட்டார். “அங்கேயிருந்து இது தெரியாதே. யாரு கத்தினது? உங்க குரல் மாதிரி இல்லையே?”

இருதயம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

அந்த வாரம் முழுவதும் அப்படித்தான். அவர் மனைவி உர்சுலா இஞ்சிச் சாறு கொடுத்தாள், மிளகுக் கஷாயம் கொடுத்தாள். ரயில்வே ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றுமே இல்லை என்றார். உர்சுலா இரவெல்லாம் செபமாலை உருட்டினாள். மலைக்கு இனிமேல் போகவேண்டாம் என்று அழுதாள். இருதயம் முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தண்ணீரை இன்னும் குழந்தைகள் குடிக்கிறார்கள். அடுத்த ஞாயிறு மறுபடி ஏறினார்.

ரபேலுக்கு நேர்ந்தது தெரிந்து இந்தத் தடவை ஐம்பது பேர் வந்துவிட்டார்கள். தோட்டத்துச் சனமும் வந்தது. பன்னிரண்டு மணி வெயிலில் லோரி ஒரு சத்தமும் இல்லாமல் மேலே ஏறி வந்தது. பலகையில் யாரும் தட்டவில்லை.

பாதையோரம் உட்கார்ந்து எல்லாரும் கோப்பி குடிக்கும்போது, கல்லாற்றுத் தோட்டத்துக் கங்காணி பழனியப்பன் லோரியைச் சுற்றி வந்தார். இடது மூலையில் அந்தச் சுத்தமான இடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“இது வேலாயுதம் கை வைக்கிற இடம்லா,” என்றார்.

நாகையா கோப்பியைக் கீழே வைத்தார். “யாரது?”

“இந்த லோரி கெலிண்டான், டிரைவருக்குக் கையாள். எங்க லயத்துப் பையன்தான். பின்னால நின்னு தட்டி டிரைவருக்கு வழி சொல்லுவான். ரெண்டு வருசம் முந்தி, இதே சரிவு, இப்படித்தான் மழை. லோரியை ரிவர்ஸ் எடுத்தாங்க. வழுக்கி அடியில போயிட்டான். தட்டு தட்டுன்னு தட்டியிருக்கான். மழையில டிரைவருக்குக் கேக்கல.”

“கத்தியிருக்கக்கூடாதா?”

பழனியப்பன் நாகையாவை ஒரு மாதிரி பார்த்தார்.

“எப்படிய்யா கத்துவான்? அவன் பொறவி ஊமை. அவன் குரல் எப்படி இருக்கும்னு பெத்தவளுக்கே தெரியாது.”

நாகையா மெல்லத் திரும்பி இருதயத்தைப் பார்த்தார். இருதயம் எழுந்து போய் லோரிக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டார். நாகையா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒருவரால் பேசவும் முடியாது.

விளக்கு வைக்கும் நேரத்தில் நாகையா இருதயத்தைப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே உர்சுலா செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது. இருதயத்தின் தொண்டையில் ஏதோ இளகியது போல் இருந்தது. முயன்று பார்த்தார்.

“உர்சுலா...”

குரல் வந்துவிட்டது. நன்றாக, கணீரென்று வந்தது.

உள்ளே செபம் நின்றது. காலடிச் சத்தம் கதவு வரைக்கும் வந்தது. தாழ்ப்பாள் திறக்கவில்லை.

“யாருங்க அது?” என்றாள் உர்சுலா. பயந்த குரல். “எங்க வீட்டுக்காரர் இன்னும் மலையிலிருந்து வரல. அவர் வந்த பிறகு வாங்க.”